அறுபத்துநாலு கிலோவில் ஒரு ஃபியட்

இரண்டாயிரம் டாலருக்கு மேல் ஒரு சென்ட்கூடச் செலவழிப்பதில்லை என்று திருமூர்த்தி தீர்மானம் செய்தார். வாய்ச்சொல் தீர்மானம் இல்லை. நியூ ஜெர்ஸியின் பார்சிப்பனியில் தம் வீட்டு கராஜில் கற்பூரம் ஏற்றி, காரின் முன்சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்துச் செய்த தீர்மானம். பழம் நசுங்க வேண்டுமானால் கார் நகர வேண்டும். கார் நகரவில்லை. கொஞ்ச நேரம் காத்திருந்து பார்த்துவிட்டு அவரே செருப்புக் காலால் மிதித்து நசுக்கினார்.

அது 1995, ஆகஸ்ட் மாதம். கார், 1964-ஆம் வருடத்து ஃபியட் 1100. பக்கத்து ஊரில் ஓர் இத்தாலியப் பெரியவரிடம் முந்நூறு டாலருக்கு வாங்கியது. வண்டியை டோ டிரக்கில் ஏற்றும்போது பெரியவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிரிவுத் துயரம் என்று நினைத்துத் திருமூர்த்தியும் நெகிழ்ந்துபோனார். அது ஆனந்தக் கண்ணீர் என்று புரிய அவருக்கு நாலு வருடம் பிடித்தது.

கையில் கரண்டியோடு சாரதா கராஜ் வாசலில் வந்து நின்றாள்.

"ஏனுங், இது என்னதுங்?"

"ஃபியட். நம்ம கல்யாணத்தன்னைக்கு வந்துச்சே, அதே மாடல்."

"பாதி வழியில நின்னுபோயி, நீங்க பட்டு வேட்டியோட எறங்கித் தள்ளுனீங்களே, அதுங்களா?"

"அதேதான்."

"நான் உள்ள உக்காந்திருந்தேன்."

"ஆமா. அதுக்கென்ன இப்ப?"

"ஒண்ணுமில்லீங். ஞாபகம் வந்துச்சு, சொன்னேன்."

பத்து வயது ரோஷினி அம்மாவின் இடுப்புக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள். அவளுக்குத் தமிழ் நன்றாகப் புரியும். பதில்தான் இங்கிலீஷில் வரும். "டாட், திஸ் கார் இஸ் டெட்," என்றாள்.

பெண் சொன்னது பொய்யில்லை. ஆனால் திருமூர்த்தியிடம் ஒரு கணக்கு இருந்தது. ஒரு பத்திரிகையில் படித்திருந்தார்: நன்றாகப் புதுப்பித்த இந்த மாடலுக்கு எட்டாயிரம் டாலர் வரை கிடைக்குமாம். அமெரிக்காவில் இதன் பாகங்கள் கிடைக்காது. கிடைத்தாலும் கடைக்காரன் சொத்தையே எழுதிக் கேட்பான். கோயமுத்தூரிலோ இதே வண்டி தெருத்தெருவாக டாக்சியாக ஓடிக்கொண்டிருக்கிறது. இங்கே நானூறு டாலர் சொல்லுகிற சாமான் அங்கே நானூறு ரூபாய். இது புரிந்த அன்று, அமெரிக்காவில் உள்ள ஏனைய கார்ப் பைத்தியங்கள் எல்லாரும் அவருக்குப் பரிதாபமாகத் தெரிந்தார்கள்.

ஆபீஸில் அடுத்த மேஜைக்காரர் மகாதேவன் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. மெட்ராஸ்காரர். எதையும் வாங்குவதற்கு முன் மூன்று மாதம் யோசிப்பவர்.

"இதெல்லாம் வொர்த்தா சார்?" என்றார்.

"ஏன் வொர்த் இல்லை?"

"சாமான் சீப்புதான். யார் கொண்டு வருவாங்க? சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்னு ஆயிடப் போகுது."

திருமூர்த்தி சிரித்தார். சுமைகூலிக்கும் அவரிடம் வழி இருந்தது. அந்த வழியை நினைக்க நினைக்கத் தம் மூளையின்மேல் அவருக்கே மரியாதை வந்தது.

சாரதாவின் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் கூடப்பிறந்தவர்கள் அதிகம். ஒரு பந்திக்கு ஆள் காணும். அதில் ஒருவர்கூட அமெரிக்காவில் கால் வைத்ததில்லை. ஒன்பது வருடமாகச் சாரதா கேட்டுக்கொண்டிருந்தாள். ஒன்பது வருடமாகத் திருமூர்த்தி தட்டிக் கழித்துக்கொண்டிருந்தார். முதலில் அப்பார்ட்மென்ட் சின்னது என்றார். பிறகு கிரீன் கார்டு வரட்டும் என்றார். கிரீன் கார்டு வந்ததும், உங்கப்பாவுக்குப் பனி ஒத்துக்காதே என்றார். வீடு வாங்கியதும் வீட்டுக் கடன் இருக்கே என்றார். உண்மைக் காரணம் சின்னதுதான். விருந்தாளி வந்தால் ஆறு மாதம் இருப்பார்கள். அவருக்கு அந்த ஆறு மாதமும் லுங்கி கட்டிக்கொண்டு டி.வி. முன்னால் படுக்க முடியாது.

அன்று ராத்திரிச் சாப்பாட்டில், ரசம் ஊற்றும்போது மெதுவாக எடுத்துவிட்டார்.

"சாரதா, உங்கப்பா அம்மாவை வரச் சொல்லேன்."

கரண்டி அந்தரத்தில் நின்றது.

"ஒடம்புக்கு ஏதாச்சும் பண்ணுதுங்களா உங்களுக்கு?"

"நல்லாத்தான் இருக்கேன். பாவம், வயசாயிடுச்சு. நயாகரா எல்லாம் பாக்க வேண்டாமா? டிக்கெட் நான் போட்டுடறேன்."

"அப்பறம்?"

"அப்பறம் என்ன? ஆளுக்கு ரெண்டு பெட்டி, முப்பத்திரண்டு முப்பத்திரண்டு, அறுபத்துநாலு கிலோ. சும்மாதானே வரும். ஒரு ஓரத்துல கார்புரேட்டர் கீர்புரேட்டர் வெச்சுக் கொண்டு வந்தா..."

சாரதா கரண்டியை இறக்கினாள். ரசத்தை அடிவரை கலக்கினாள். பிறகு, "சரிங்," என்றாள்.

அந்தச் 'சரிங்'கைத் திருமூர்த்தி தம் வெற்றியாக எடுத்துக்கொண்டார். ஒரே கல்லில் இரண்டு மாங்காய் என்று எண்ணிக்கொண்டு அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கினார். இனிமேல் அவர் நிம்மதியாகத் தூங்கியதாக இந்தக் கதையில் வராது என்பதால் இதைச் சொல்லிவைக்கிறேன்.

மறுநாள் ஆபீஸ் ஃபாக்ஸில் எட்டுச் சாமான்களுக்கு லிஸ்ட் போயிற்று. சாரதாவின் அண்ணன் கிட்டுசாமி கோயமுத்தூரிலிருந்து போன் செய்தான்.

"மாப்பிளே, லிஸ்ட் வந்துருச்சுங். எல்லாம் நான் வாங்கி வெச்சுப்போடறேன். அனுப்பறது எப்படிங்?"

"அதெல்லாம் உங்க தங்கச்சிகிட்டப் பேசிக்குங்க மச்சான். எனக்கு ஆபீஸ் இருக்கு."

வாழ்க்கையில் ஒரு மனிதன் செய்யக்கூடாத தவறு இது. செய்துவிட்டு நிம்மதியாகக் காப்பி குடிக்கப் போனார்.

செப்டம்பரில் மாமனாரும் மாமியாரும் வந்து இறங்கினார்கள். நாலு பெட்டி. ஹாலில் வைத்துத் திறந்தார்கள். முறுக்கு, அதிரசம், மூன்று விதமான ஊறுகாய், கம்பு மாவு, சாரதாவுக்குப் பதினொரு சேலை, ரோஷினிக்குப் பாவாடை, ஒரு இட்லிக் குண்டான், இன்னொரு இட்லிக் குண்டான். அடியில், மாமனாரின் பழைய வேட்டிக்குள் கார்புரேட்டர். மாமியாரின் பெட்டியில் ஒரு ஃபேன் பெல்ட்.

"மத்த ஆறு சாமானும்?" என்றார் திருமூர்த்தி.

மாமனார் சாரதாவைப் பார்த்தார். சாரதா அதிரசத்தைப் பார்த்தாள்.

"பொட்டியில எடமில்லீங் மாப்பிளே. அடுத்த தடவ பாத்துக்கலாம்."

அந்த ஜனவரியில் நியூ ஜெர்ஸியில் இடுப்பளவு பனி கொட்டியது. ஓடுகிற கார், கேம்ரி, வெளியே பனிக்குள் புதைந்து கிடந்தது. ஓடாத கார் கராஜுக்குள் சொகுசாக இருந்தது. திருமூர்த்தி மண்வெட்டியோடு இறங்கினார். ஜன்னலுக்கு உள்ளே சால்வையைப் போர்த்திக்கொண்டு மாமனார் அந்தப் பக்கம், இந்தப் பக்கம் என்று கையைக் காட்டி வழிநடத்தினார்.

"அக்கட்டால தள்ளுங் மாப்பிளே! இக்கட்டால வேண்டாம், மறுக்கா சரிஞ்சுக்கும்!"

உள்ளே மாமியாரும் சாரதாவும் என்னவோ பேசிச் சிரிப்பது கேட்டது. சாரதா அவ்வளவு சத்தமாகச் சிரித்து அவர் கேட்டதில்லை. அப்போது அது அவர் மனத்தில் பதியவில்லை. முதுகு வலிதான் பதிந்தது.

அடுத்த கோடையில் சித்தியும் சித்தப்பாவும் வந்தார்கள். கிளட்ச் பிளேட் ஒன்று, வாட்டர் பம்ப் ஒன்று. மீதிப் பெட்டியெல்லாம் வடகம். சித்தப்பாவுக்கு நயாகரா பார்க்க வேண்டும். பார்த்தார். "தண்ணி நல்லாத்தான் ஊத்துது, நம்ம சிறுவாணி ருசி வராது," என்றார். ஏழு மணி நேரம் ஓட்டி வந்த திருமூர்த்தி காரிலேயே உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

தொண்ணூற்றேழில் அவருக்கு வெறுத்துவிட்டது. கராஜுக்குள் நுழைந்தாலே இடுப்பு வலித்தது. கார்புரேட்டரை மாட்டினால் பெட்ரோல் குழாய் துருவாக இருந்தது. குழாயை மாற்றினால் டாங்க் ஓட்டையாக இருந்தது. பேப்பரில் விளம்பரம் கொடுத்தார். பக்கத்து ஊர் டோவரிலிருந்து ஒருவன் வந்து சுற்றிப் பார்த்து நானூற்றைம்பது டாலர் தருவதாகச் சொன்னான். திருமூர்த்தி கையை நீட்டப்போன நேரம் சாரதா காப்பியோடு வந்தாள்.

"ஏனுங், இவரு யாருங்?"

"வண்டியைக் கேக்கறாரு. குடுத்துடலாம்னு..."

"குடுக்கறதுங்களா? அத்தனை தூரத்துல இருந்து எங்கப்பா மடியில வெச்சுக் கொண்டாந்த கார்புரேட்டருங். ஆனை வாங்கியாச்சு, அங்குசத்துக்கு யோசிக்கலாமுங்களா? இன்னும் நாலே சாமான்."

"நீயா சாரதா இப்படிச் சொல்றே?"

"உங்க ஆசை எனக்குத் தெரியாதுங்களா?"

திருமூர்த்தி நீட்டப்போன கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். கல்யாணமாகிப் பதிமூன்று வருடத்தில் மனைவி தம் ஆசையைப் பற்றிப் பேசியது அதுவே முதல் தடவை. டோவர்க்காரன் போய்விட்டான். அடுத்த மாதம் சாரதாவின் தாய்மாமன் வந்தார், மாமியோடு. பிரேக் சிலிண்டரும் ஒரு விளக்கும் வந்தன. மறுபடியும் நயாகரா. தொண்ணூற்றெட்டில் பெரியப்பா தனியாக வந்தார். ஃப்யூல் பம்ப் கொண்டுவந்தார். அதைவிடப் பெரிய குறட்டை ஒன்றும் கொண்டுவந்தார். மறுபடியும் நயாகரா, சுதந்திர தேவி சிலை, ஃப்ளஷிங் பிள்ளையார் கோயில். பிள்ளையாரிடம் திருமூர்த்தி ஒன்றும் கேட்கவில்லை. பேசாமல் தூணில் சாய்ந்து நின்றார். குருக்கள்தான் அவரைப் பார்த்து, "இந்தத் தடவை யார் வந்திருக்கா?" என்று விசாரித்தார்.

மகாதேவன் ஆபீஸில் ஒரு பேப்பரை எடுத்துக் கணக்குப் போட்டுக் காட்டினார்.

"வண்டி எடை தொள்ளாயிரம் கிலோவா சார்? ஆளுக்கு அறுபத்துநாலு. இதுவரைக்கும் ஏழு பேர். பாதிக் கார் இந்நேரம் பெட்டியிலயே வந்திருக்கணுமே?"

"ஏழு சாமான் வந்திருக்கு."

"மிச்சம்?"

"வடகம்."

"டிக்கெட்டெல்லாம் சேத்தா எவ்வளவு ஆச்சு சார்? ரெண்டாயிரம் தாண்டலையே?"

"டிக்கெட் குடும்பச் செலவு. அதைக் காருக்குச் சேக்கக் கூடாது," என்றார் திருமூர்த்தி. சொல்லும்போது அவர் குரலில் உயிர் இல்லை. ஏழு பேர் டிக்கெட் காசுக்கு இரண்டு நல்ல கார் வாங்கியிருக்கலாம் என்று அவருக்கே தெரியும். கற்பூரம் ஏற்றிய தீர்மானம் என்ற ஒன்றுதான் மிச்சமிருந்தது. அதையும் விட்டுவிட்டால், நாலு வருடம் எதற்காகப் பனி தள்ளினோம் என்று தமக்குத்தாமே சொல்ல முடியாமல் போய்விடும்.

தொண்ணூற்றொன்பது ஏப்ரலில் எட்டாவது சாமான் வந்தது. ஸ்டீரிங் பாக்ஸ். கொண்டுவந்தவர் மாமனாரின் தங்கை நாகமணி அத்தை. கென்னடி ஏர்போர்ட்டில் வெளியே வரும்போதே கோபமாக வந்தார்.

"மாப்பிளே, ஆறு கட்டுக் கறிவேப்பில கொண்டாந்தேன். ஒரு ஆபீசரு வந்து பொட்டியத் தொறந்து கறிவேப்பிலையப் புடுங்கிப்போட்டான். இந்த இரும்பைத் தூக்கிப் பாத்துட்டு வெச்சுட்டான். எதைப் புடுங்கோணும்னே தெரியாதவனெல்லாம் ஆபீசரு!"

சாரதா கறிவேப்பிலைக்காகக் கண் கலங்கினாள். திருமூர்த்தி ஸ்டீரிங் பாக்ஸை மார்போடு அணைத்துக்கொண்டார். இதோடு முடிந்தது. எட்டுச் சாமானும் வந்தாயிற்று. சனிக்கிழமை மாட்டினால் ஞாயிற்றுக்கிழமை ஓட்டலாம். இனி யாரும் வர வேண்டியதில்லை. காரைவிட அந்தக் கடைசி நினைப்புதான் அவருக்கு அதிகம் இனித்தது.

சனிக்கிழமை காலையில் காருக்கு அடியில் நுழைந்தார். நாகமணி அத்தை கராஜிலேயே மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்து அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். போல்ட் துளைகள் சேரவில்லை. திருப்பிப் பார்த்தார். கவிழ்த்துப் பார்த்தார். ரோஷினியை டார்ச் பிடிக்கச் சொல்லிப் பார்த்தார். பதினொரு மணிவரை பார்த்தார்.

"டாட், இட்ஸ் பேக்வேர்ட்ஸ்," என்றாள் ரோஷினி.

"சும்மா இரு. அப்பா எஞ்சினியர்."

அத்தை கத்தியைக் கீழே வைத்தார்.

"ஏனுங் மாப்பிளே, நானொண்ணு கேக்கறேன், தப்பா நெனச்சுக்காதீங்க. நம்மூர்ல டிரைவரு அந்தப் பக்கமல்லோ உக்காருவான்?"

காருக்கு அடியில் ஸ்பேனர் தரையில் விழுகிற சத்தம் கேட்டது.

கார்புரேட்டருக்கு இடம் வலம் கிடையாது. கிளட்ச் பிளேட்டுக்கும் கிடையாது. வாட்டர் பம்புக்கும் கிடையாது. ஸ்டீரிங்குக்கு உண்டு. கோயமுத்தூர் ஃபியட்டில் அது வலது பக்கம். நியூ ஜெர்ஸி ஃபியட்டில் இடது பக்கம். இந்த நாட்டில் பதிமூன்று வருடமாக இடது பக்கம் உட்கார்ந்து வண்டி ஓட்டுகிறவர், வடிவமைப்புப் பிரிவில் வேலை பார்க்கிறவர், நாலு வருடத்தில் ஒரு தடவைகூட இதை நினைக்கவில்லை. வெளியே வரத் திருமூர்த்திக்கு மனமில்லை. அங்கேயே இருந்துவிட்டால் என்ன என்று தோன்றியது.

கடைசியில் எழுந்து வந்தார். எண்ணெய்க் கையோடு கிட்டுசாமிக்குப் போன் போட்டார்.

"மச்சான், ஸ்டீரிங் சேரலை! வலது பக்க ஸ்டீரிங்கை அனுப்பியிருக்கீங்க!"

"அது தெரிஞ்சதுதானுங்களே மாப்பிளே."

"என்னது?"

"கடைக்காரரு அன்னைக்கே சொல்லிப்போட்டாருங், அமெரிக்கா வண்டிக்கு இது சேராதுன்னு. நான் சாரதாகிட்டச் சொன்னேன். 'அண்ணா, அதை மட்டும் கடைசியா அனுப்பலாம்'னுச்சு."

திருமூர்த்தி போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டார்.

"என்னைக்கு?"

"நீங்க லிஸ்ட் அனுப்புன வாரம். எட்டுச் சாமானும் ஒரே நாள்ல வாங்கி மரப்பொட்டியில அடிச்சாச்சுங். கப்பல்ல போட்டிருந்தா ஆறு வாரம். சாரதாதான் பொட்டியப் பிரிச்சு, வர்றவிங்ககிட்ட ஆளுக்கு ஒண்ணாக் குடுத்து உடச் சொல்லுச்சு. ஏனுங், உங்ககிட்டச் சொல்லலீங்களா?"

போனை வைத்தார். சமையலறையில் சாரதா அவரைக்காயைத் தாளித்துக்கொண்டிருந்தாள். கறிவேப்பிலை இல்லாமல்.

"உங்கண்ணன் எல்லாம் சொல்லிட்டாரு," என்றார்.

"சொல்லிட்டாருங்களா? சரிங்."

"சரிங்கா? நாலு வருசம் சாரதா! நாலு வருசம் என்னை ஏமாத்தியிருக்கே."

சாரதா அடுப்பை அணைத்தாள். திரும்பி அவரை நேராகப் பார்த்தாள். அவள் முகத்தில் கோபம் இல்லை, பயமும் இல்லை.

"ஒம்பது வருசம் நான் கூப்பிட்டேனுங். நீங்க வேண்டாம்னீங்க. ஒரு கார்புரேட்டரு கூப்பிட்டுச்சு, எல்லாரும் வந்தாங்க. எங்கப்பா எம் வீட்டுல உக்காந்து சோறு தின்னதை நான் பாத்தேன். எங்கம்மா எனக்குத் தலைக்கு எண்ணெய் வெச்சுது. பெரியப்பாவுக்கு இனி பிளேன் ஏற முடியாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு, தெரியுமுங்களா? நல்லவேளை, போன வருசமே வந்துட்டுப் போயிட்டாரு."

திருமூர்த்திக்கு வெட்கமாக இருந்தது. சண்டை போட வந்தவர் கையிலிருந்த எண்ணெயைத் துணியில் துடைத்தார். துடைத்ததையே மறுபடி துடைத்தார். பனி தள்ளிய அன்று ஜன்னலுக்கு உள்ளே கேட்ட சிரிப்பு இப்போது ஞாபகம் வந்தது.

"மகாதேவன் அப்பவே கேட்டாரு, வொர்த்தான்னு," என்றார் மெதுவாக.

"எனக்கு வொர்த்துங்."

"எனக்கு?"

"உங்களுக்கு என்ன கொறச்சலுங்? எட்டுச் சாமானு வந்துச்சு. ஏழு சேந்துது."

அவருக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கத் தெம்பு இல்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"சரி, விடு. நான் தோத்துட்டேன். வண்டியை வித்துடலாம். இனிமே இதுக்கு இடது பக்க ஸ்டீரிங் எங்கே தேடறது?"

"மஸ்கட்ல கெடைக்குமுங்."

"மஸ்கட்லயா?"

"அங்கயும் டிரைவரு இந்தப் பக்கந்தானுங். எங்க சின்ன மாமா பையன் வாஞ்சிநாதன் அங்கதான இருக்கான். பழைய சாமான் கடையில நம்ம வண்டியோட ஸ்டீரிங்கை அவனே பாத்தானாமுங். பத்திரமா எடுத்து வெச்சிருக்கான்."

தோற்றவர் கண்ணில் ஒரு பொட்டு வெளிச்சம் வந்தது. பட்டாலும் புத்தி வராத ஜென்மம் என்று அவரைச் சொல்லலாம். ஆனால் எட்டில் ஏழு சேர்ந்துவிட்ட ஒரு கார் கராஜில் நிற்கும்போது, வேறு யாராக இருந்தாலும் அப்படித்தான் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார்கள்.

"நெசமாவா? கொண்டு வருவானா?"

"வர்றானுங். ஜூன் பன்னெண்டாந் தேதி. அவன், அவன் பொண்டாட்டி, மூணு கொழந்தைங்க. விசா வந்தாச்சு. நீங்க டிக்கெட் போடறதுதான் பாக்கி."

"அஞ்சு பேரா!" என்றார் திருமூர்த்தி. பிறகு, நயாகராவுக்குப் போகும் ஏழு மணி நேரத்தையும் மூன்று குழந்தைகளையும் ஒருசேர நினைத்துப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டார். "ஸ்டீரிங் நிச்சயமா வருமில்ல?"

சாரதா அடுப்பை மறுபடி பற்றவைத்தாள்.

"அவிங்க அஞ்சு பேரும் நிச்சயமா வர்றாங்க. ஸ்டீரிங்கு, பொட்டியில எடமிருந்தா வருமுங்."